பெருவிரல் அடையாளம் இட்ட தாளும் மறுக்கப்பட்ட கொடுப்பனவும்

இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன். அவருடைய கணவருக்கு 46 வயது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் 22 வருடங்கள் வேலை செய்தவர். 19 மாதங்களுக்கு முன் ஓர் இரவு வேலையில், கொழுந்தை நசுக்கும் ரோட்டர்வேன் இயந்திரத்தில் அடைத்துக்கொண்ட கொழுந்தை எடுத்துவிடக் கையை நீட்டியபோது, வலது கையின் நான்கு விரல்களையும் இழந்தார். பெருவிரல் மட்டும் எஞ்சியது. கண்டி தேசிய வைத்தியசாலையில் இரண்டு தடவை சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. வீடு திரும்பிய மூன்றாம் வாரம் தோட்ட அலுவலகத்துக்கு அழைத்து, 75,000 ரூபாய் கொடுத்து, சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளில் பெருவிரல் அடையாளம் வாங்கியிருக்கிறார்கள். பிறகு 'லேசான வேலை' என்று தொழிற்சாலைக்கு வெளியே ஒரு வேலை கொடுத்து, பல நாட்களில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், மட்டுமே போட்டிருக்கிறார்கள். இப்போது, ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்களாம்.

இதற்கிடையில் அந்தச் சகோதரி பிரதேச செயலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஆறு மாதங்கள் கழித்து விசாரித்தபோது, "அவர் நடக்கிறார், பேசுகிறார், நீங்களும் கொழுந்து பறிக்கிறீர்கள், அதனால் பெயர் வரவில்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. "இந்தத் தீர்மானத்தை எதிர்த்து அவருக்காக நான் என்ன செய்யலாம்? அவர் எதற்கும் வரமாட்டேன் என்கிறார். நானே கையெழுத்துப் போட்டு மேன்முறையீடு செய்யலாமா?" என்பதே அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. உங்கள் கணவர் 22 வருடங்களும் சம்பளத்துக்குத் தன் பெயரை எழுதியே கையெழுத்திட்டவர் என்றும், அவர் வாழ்க்கையில் முதன்முதலாகப் பெருவிரல் வைத்தது அந்த 75,000 ரூபாய்த் தாளில்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின்படி பார்த்தாலும் உங்கள் விடயத்தின் மையம் அந்தத் தாள்தான். நீங்கள் கேட்ட கொடுப்பனவைப் பற்றி விரிவாகச் சொல்வேன். ஆனால் அதைவிட அவசரமான ஒன்றை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குக் காலக்கெடு உண்டு, உங்களுக்கு மீதமிருப்பது ஐந்து மாதங்கள்தான்.

மாதக் கொடுப்பனவு வேறு, விபத்துக்கான நட்டஈடு வேறு

உங்கள் கடிதம் முழுவதிலும் இந்த இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. பிரதேச செயலகம் மறுத்தது அரசாங்கம் வழங்கும் மாத உதவியை. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான நட்டஈட்டைத் தர வேண்டியவர் வேலை கொடுத்தவர். அது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தக் கோரிக்கையை விசாரிப்பவர் கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளர். பிரதேச செயலாளருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் ஆணையாளரிடம் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அந்த இரக்கத்தை நம்பிக் காத்திருக்குமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தொழிற்சங்கத் தலைவர் "பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பேசட்டும், அது நல்லதே. ஆனால் பேச்சுவார்த்தை நடப்பதால் அந்த இரண்டு வருடக் கணக்கு நின்றுவிடாது.

நட்டஈட்டின் அளவு இரண்டு விடயங்களைப் பொறுத்தது. ஒன்று, விபத்துக்கு முன் அவர் பெற்ற மாத வருமானம். மற்றது, உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் போய்விட்டது என்பது. கை, விரல், கண் போன்ற உறுப்புகளின் இழப்புக்கு எத்தனை வீதம் என்பதைச் சட்டத்தின் அட்டவணையே நிர்ணயித்திருக்கிறது. ஆகவே, "பெருவிரல் இருக்கிறதே, வேலை செய்யலாமே" என்று தோட்ட அலுவலகத்தில் ஒருவர் நினைப்பது அளவுகோல் ஆகாது. உச்ச நட்டஈடு 2022 இல் செய்த திருத்தத்தால் 5,50,000 ரூபாயிலிருந்து 20,00,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் கணவருக்கு உச்சத்தொகை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு நியாயமாக வர வேண்டிய தொகையை 75,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

"அவரும் கவனக்குறைவாகத்தான் கையை விட்டார், அதனால் கேட்க வாய் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் தேவையில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் யார் பிழை என்பது பொதுவாகக் கேள்வியே அல்ல. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் காயம் ஏற்பட்டதா என்பதே கேள்வி. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்புக்கான கட்டளையை வேண்டுமென்றே மீறியது போன்ற சில விதிவிலக்குகளை நிர்வாகம் எழுப்பலாம், ஆனால் எழுப்பினால் அதை நிர்வாகமே நிரூபிக்க வேண்டும். இயந்திரத்தின் மூடி பல நாட்களாகக் கழற்றியே இருந்தது என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குப் பாதுகாப்பு மூடி இருப்பது கட்டாயம். ஒரு தொழிலாளியை மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் ஆக்கிய விபத்தைத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிப்பதும் கட்டாயம். அப்படி அறிவித்தார்களா என்பதைத் தெரிந்துகொள்ளும் வழியைக் கீழே சொல்கிறேன்.

நிர்வாகத்தின் அலட்சியத்தைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குத் தொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் அதற்கும் காலவரம்பு இரண்டு வருடங்களே. இரண்டு வழிகளிலும் ஒரே காயத்துக்கு நட்டஈடு பெறவும் முடியாது. செலவையும் காலத்தையும் பார்த்தால் உங்களுக்கு ஆணையாளரிடம் போவதே உகந்தது என்பது என் கருத்து.

அந்தத் தாள்

"கையடையாளம் வைத்துப் பணமும் வாங்கிவிட்டோம், இனி உரிமை இல்லை" என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் எந்த உடன்படிக்கையும் இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. நட்டஈட்டுத் தொகை குறித்து இரு தரப்பும் உண்மையாகவே இணங்கியிருந்தாலும், அந்த இணக்கத்தை ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றோ, மோசடியாலும் அழுத்தத்தாலும் பெறப்பட்டது என்றோ கண்டால் ஆணையாளர் பதிவை மறுக்கலாம். உங்களுக்கு ஆணையாளர் அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை என்பதால், அந்தத் தாள் அலுவலக அலுமாரியில் கிடக்கும் ஒரு பற்றுச்சீட்டாக மட்டும் இருக்கவே கூடுதல் வாய்ப்பு.

ஆனால் ஒன்றில் உறுதியாக இருங்கள். பணம் வாங்கியதை எங்கும் மறைக்காதீர்கள். என்றைக்கு, எவ்வளவு, யார் கையால், எந்த மொழித் தாளில், யாரும் வாசித்து விளக்காமல் என்று அப்படியே எழுதுங்கள். அந்த 75,000 ரூபாயை இறுதித் தொகையில் கழிக்கலாம், அதில் அநியாயம் இல்லை. மறைத்துப் பின்னர் வெளிப்பட்டால்தான் உங்கள் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ராஜினாமாக் கடிதத்தில் இப்போதைக்கு அடையாளம் வைக்க வேண்டாம். சேமலாப நிதிக்கு அது தேவை என்று சொல்வது முழு உண்மை அல்ல. ஆணுக்கு 55 வயது ஆகும் முன்னரும், நிரந்தரமாக வேலை செய்ய இயலாத நிலையை மருத்துவச் சான்றிதழால் காட்டி அந்தப் பணத்தைக் கோரலாம். அவர் வேலையை விட்டு நிற்கும் நாள் வந்தால், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் தனியாக வர வேண்டும். மாதச் சம்பளம் அல்லாத தொழிலாளிக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம். 22 வருடங்களுக்கு 308 நாட் சம்பளம். சேவை முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். நட்டஈட்டையும் சேவைக்காலப் பணத்தையும் சேமலாப நிதியையும் ஒன்றாகக் கலந்து "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று யாராவது ஒரு தொகை சொன்னால், மூன்றையும் மூன்று தாள்களில் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள்.

லயத்து அறையிலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) வெளியேற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் கண்ட மிகப் பெரிய சுமை அதுதான். 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாடுகள் சட்டப்படி, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தோட்டத் தொழிலாளியை அவர் குடியிருப்பிலிருந்து அகற்ற முடியாது. நீங்களும் அதே தோட்டத்தில் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் உள்ள தொழிலாளி. நட்டஈடு கேட்டதற்காகக் கதவில் பூட்டுப் போடும் அதிகாரம் எந்தத் துரைக்கும் இல்லை.

"நடக்கிறார்" என்பது காரணம் ஆகாது

இனி நீங்கள் கேட்ட கொடுப்பனவு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் பின் அது மாதம் 10,000 ரூபாய். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல, விட்டுவிடாதீர்கள்.

வாய்மொழியாகச் சொன்ன 'இல்லை'யை எதிர்த்து மேன்முறையீடு எழுதுவது இருட்டில் கல்லெறிவதைப் போன்றது. முதலில் தீர்மானத்தை எழுத்தில் பெற வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு இங்கே இரண்டு வகையில் உதவும். அதன் 35 ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுத்த உத்தியோகத்தர், பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால் காரணங்களை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். மேலும், பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, விண்ணப்பத்தின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, சமூக சேவை உத்தியோகத்தரின் அறிக்கை, கணக்கெடுப்பில் உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பதிந்த விவரங்கள் ஆகியவற்றைக் கோரலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுத்துச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். விபத்து தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிக்கப்பட்டதா என்பதையும் இதே சட்டத்தின் கீழ்த் தொழில் திணைக்களத்திடம் கேளுங்கள். தோட்டம் தனியார் கம்பனியினுடையது என்றால் அதனிடம் நேரடியாக இப்படிக் கேட்பது கடினம், திணைக்களத்திடம் கேட்கலாம். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழில் தரும்படி கேளுங்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை அந்த உரிமையை உங்களுக்குத் தருகிறது. புரியாத மொழித் தாளால் உங்கள் குடும்பம் ஏற்கனவே ஒரு முறை பாதிக்கப்பட்டிருக்கிறது.

கணக்கெடுப்பு விவரங்களைக் கேட்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அஸ்வெசும போன்ற நலன்புரித் திட்டங்களில் வீடு, சொத்து, மின்சாரம், கல்வி, குடும்ப அமைப்பு முதலிய குறிகாட்டிகளை வைத்தே வறுமை நிலை கணிக்கப்படுகிறது. தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறை, குடும்பத்தின் சொந்த நிரந்தர வீடாகப் பதியப்பட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். அப்படியொரு பிழை கிடைத்தால், உங்கள் மேன்முறையீட்டுக்கு அதைவிட வலுவான அடித்தளம் வேண்டியதில்லை.

மேன்முறையீட்டில் என்ன எழுதுவது? "மிகவும் கஷ்டப்படுகிறோம், தயவு செய்து உதவவும்" என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உள ஆற்றலின் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. 'பகுதியாகவோ' என்ற சொல்லைப் பற்றிக்கொள்ளுங்கள். கால் நடப்பதால் கை முளைத்துவிடுவதில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதே சிறந்த மேன்முறையீடு: சட்டைப் பொத்தானை நீங்கள் போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறீர்கள். பீலியில் பிடித்த தண்ணீர் வாளியை இடது கையால் தூக்கிக்கொண்டு லயத்துப் படியேறும்போது, வழுக்கினால் பிடித்துக்கொள்ள மறு கை இல்லாததால் இரண்டு முறை விழுந்திருக்கிறார். ரொட்டியைப் பிய்க்கச் சின்ன மகளைக் கூப்பிடுகிறார். இவற்றை நாள் ஒழுங்கில், மிகைப்படுத்தாமல் எழுதி, சத்திரசிகிச்சை செய்த விசேட வைத்தியரிடமோ அரசாங்க வைத்தியரிடமோ வலது கையின் செயலிழப்பைக் குறிப்பிடும் அறிக்கை பெற்று இணையுங்கள். நீங்கள் கொழுந்து பறிப்பது குடும்ப வருமானத்தைக் கணக்கிடும்போது பார்க்கப்படலாம். ஆனால் அது அவர் கையின் நிலையைப் பற்றிய விடை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கித் தந்த பதிலை, ஒவ்வொன்றாகப் பிரித்து மறுத்து எழுதுங்கள்.

எழுத்தில் வந்த மறுப்பு பாரபட்சமானது என்று தோன்றினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்குக் காலம் ஒரு மாதம் மட்டுமே என்பதால், அந்த ஆணைக்குழு முறைப்பாட்டையும் மறுப்புக் கிடைத்து ஒரு மாதத்துக்குள் செய்வது முக்கியம். இது கடைசிப் படி. பெரும்பாலான விடயங்கள் ஒழுங்கான மேன்முறையீட்டோடு முடிந்துவிடுகின்றன.

வைத்தியசாலைத் துண்டை இன்றே பாருங்கள்

ஆவணங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் கையாண்ட ஒரு கோரிக்கையில், வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது கொடுத்த அட்டையில் காயத்தின் காரணம் 'வீட்டில் விழுந்ததால்' என்று எழுதப்பட்டிருந்தது. காயமடைந்தவரைக் கூட்டிச் சென்றவர் வாசலில் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொற்களைத் திருத்த, கூட வேலை செய்த இருவரின் சத்தியக்கடதாசிகளும் பத்து மாதங்களும் தேவைப்பட்டன. உங்களிடம் உள்ள அட்டையில் ரோட்டர்வேன், தொழிற்சாலை, இயந்திரம் என்ற சொற்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், அன்றிரவு கூட வேலை செய்தவர்கள் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போவதற்கு முன், சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் அவர்களின் சத்தியக்கடதாசிகளைப் பெற்றுவிடுங்கள்.

விபத்துக்கு முந்திய 12 மாதச் சம்பளத் துண்டுகளையும் தேடி எடுங்கள். விபத்துக்குப் பிந்திய அரைப் பேர்ச் சம்பளத்தை அடிப்படையாகக் காட்டி யாராவது கணக்கிட முயன்றால், அந்தத் துண்டுகள்தான் தடுக்கும்.

அவருக்காக நீங்கள்

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்டது. மனைவி என்பதால் மட்டும் அவருடைய பெயரில் நீங்கள் கையெழுத்திட முடியாது, இடவும் கூடாது. அவர் தெளிந்த மனதுடையவர். கோரிக்கையும் மேன்முறையீடும் அவருடையவை. அவருக்காக எழுதலாம், அலைந்து திரியலாம், உத்தியோகத்தர்களிடம் பேசலாம். அதற்கு அவர் தரும் ஓர் அதிகாரக் கடிதம் போதுமானது. ஆணையாளரின் விசாரணையில் சட்டத்தரணியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ அவருக்காகத் தோன்றலாம். கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால், 1978 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் நுவரெலியாவிலும் கண்டியிலும் பதுளையிலும் உண்டு. வருமான நிலையைக் காட்டினால் இலவசமாக உதவுவார்கள்.

"அவர் வரமாட்டேன் என்கிறார்" என்று எழுதியதைப் பற்றி ஒரு சொல். அவர் விருப்பத்துக்கு எதிராக ஒரு கோரிக்கையை நடத்த முடியாது, நடத்தினாலும் விசாரணை நாளில் அவர் மௌனமாக இருந்தால் பயனில்லை. அவரிடம் கொடுப்பனவைப் பற்றிப் பேசாதீர்கள். அது அவருக்குப் பிச்சையாகத் தோன்றலாம். நட்டஈட்டைப் பற்றிப் பேசுங்கள். 22 வருட உழைப்பில் இழந்த கைக்கு உரிய கணக்கு அது. ஐந்து மாதக் கெடுவையும் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினாலும் நல்லது.

அவர் இணங்கினால், அதிகாரக் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள். அவருடைய அடையாள அட்டை இலக்கம், உங்கள் இலக்கம், எந்தெந்த அலுவலகத்தில் எதற்காக என்ற விவரம், திகதி. கீழே அவருடைய அடையாளமும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும். அடையாளத்துக்கு மேல் ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: "இது எனக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, விளங்கிக்கொண்டு அடையாளம் இட்டேன்."